நேர்த்திக்கு விட்ட மருந்து

கரிக்கலாம்பாக்கம்
12 ஆகஸ்ட் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கச்சி ஜெயாவுக்கு, அக்கா தனக்கொடி எழுதுவது. மடத்தில் உனக்கு வைத்த பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, கோபிக்காதே. இங்கே உன் மாமா, டேனியல், சுவேதா எல்லோரும் சுகம். அங்கே நீயும் மடத்துச் சகோதரிகளும் நலமா? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஊரே செல்போனில் பேசுகிறது, நான் மட்டும் தபால்பெட்டியைத் தேடி அலைகிறேன். "இன்னாக்கா, இன்னுமா கடுதாசி?" என்று போஸ்ட்மேன் சிரிக்கிறான். என் தங்கச்சி கம்பி அழிக்குப் பின்னால் இருக்கிறாள், அவளுக்குப் போன் கிடையாது என்றால் ஜெயிலா என்று கேட்கிறான். ஆமாம்டா, அவளாகவே போய் உட்கார்ந்துகொண்ட ஜெயில் என்றேன்.

பரோட்டாக் கடை நன்றாக ஓடுகிறது. மாவு பிசைவது நான், அடித்து வீசுவது மாமா. எனக்குத்தான் மே மாதத்திலிருந்து வயிறு சரியில்லை. சாப்பிட்டது சாப்பிட்டபடி போய்விடுகிறது. கிளினிக்கில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. மற்றபடி பொங்கலுக்குப் பிறகு பிரஷருக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்ததிலிருந்து தலைசுற்றல் அறவே இல்லை. வயிறு ஒன்றுதான் வம்பு.

பக்கத்து வீட்டுக் காசம்மாள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவளுக்கு இப்போது சர்க்கரைக்கு ஊசி. அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே, மருந்து பாட்டில் நம் கடை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் ஊசி போட வரும் சாக்கில் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போவாள்.

எனக்காக ஒரு ஜெபம் சொல்.

அக்கா
தனக்கொடி

*

தென்காசி
30 ஆகஸ்ட் 2024

இயேசுவுக்கே புகழ்.

பிரியமுள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஜெயாவின் அன்பு. இங்கே சாரல் நிற்கவில்லை. முழங்கால் பரவாயில்லை.

மே மாதத்திலிருந்து என்று எழுதிவிட்டு ஒரு ஜெபம் சொல் என்கிறாயே, உனக்கு என்ன அவ்வளவு அலட்சியம்? நம் அம்மாவும் இப்படித்தான் எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்தே மறைத்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உண்மையை எழுது.

காசம்மாள் அக்காவுக்கு என் அன்பைச் சொல். உன் பதில் வரும்வரை எனக்கு வேலை ஓடாது.

உன்
ஜெயா

*

கரிக்கலாம்பாக்கம்
3 அக்டோபர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள ஜெயா, நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. பழக்கம். அங்கே அனைவரும் சுகம்தானே?

பிள்ளையார்குப்பம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடலின் உள்பக்கம் துவாலையில் பூ மாதிரி இழை இழையாக நிற்குமாம், அதுதான் சாப்பாட்டின் சத்தை இழுக்குமாம். என்னுடையது பழந்துணி மாதிரித் தேய்ந்து வழவழவென்று இருக்கிறதாம். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அந்த அடையாளம் இல்லையாம். அபூர்வமான கேஸ், ஆஸ்பத்திரியில் படுத்துப் பார்க்கலாம், அதுவரை கோதுமையே கூடாது என்றார். வேறு மாத்திரை மருந்து சாப்பிடுகிறாயா என்றும் கேட்டார். வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் தொடுவதில்லை என்றேன்.

பரோட்டாக்காரன் பெண்டாட்டிக்குக் கோதுமை ஆகாது, கேட்டாயா? மாமா அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டார். மாவுத் தூசி மூக்கில் போனாலும் ஆபத்து என்று யாரோ சொன்னார்களாம். கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறார். எனக்கு நோயைவிட அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பூசையில் தருகிற நற்கருணை அப்பமும் கோதுமைதானே? உன் மடத்தில் நீதானே சுடுகிறாய். மூன்று ஞாயிறாக நான் வாங்கவில்லை. என்ன பாவம் செய்தாளோ என்று கோயிலில் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். காசம்மாள் ஒருத்தியிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

எடை நீ நினைக்கிற அளவுக்குக் குறையவில்லை.

அக்கா
தனக்கொடி

*

தென்காசி
20 அக்டோபர் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்பு அக்கா, உன் கடிதம் வந்த நாள் காலையில் அப்ப மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு மறுபடி அந்த மாவில் கை வைக்க முடியவில்லை. நான் சுடுகிற அப்பம் உனக்கு விஷமாகிவிட்டதா? மடத்துத் தாயாரிடம் கேட்டேன். அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டும் வாங்கினாலும் முழு நற்கருணைதான், உன் பங்குச் சாமியாரிடம் சொல் என்றார்கள். யார் திரும்பிப் பார்த்தாலும் நீ தலை நிமிர்ந்து போ.

படுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியும் ஏன் நீ படுக்கவில்லை? எடையைக் கேட்டால் எடையை எழுது. "நீ நினைக்கிற அளவு" என்ன அளவு? நான் நினைக்கிறதை எழுதினால் தாங்கமாட்டாய்.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக்காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ் வரை எங்களுக்குக் கடிதம் பிரிக்கவும் எழுதவும் அனுமதி இல்லை, தெரியுமே. அதற்கு முன் எழுது.

ஜெயா

*

கரிக்கலாம்பாக்கம்
27 நவம்பர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள ஜெயாவுக்கு அக்காவின் முத்தங்கள். மழை ஓயவில்லை. கரும்புக் கொல்லையெல்லாம் தண்ணீர். உனக்குச் சளி பிடித்திருக்கிறதா?

கோதுமையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அரிசிக் கஞ்சியும் இட்லியும்தான். கொஞ்சம் பரவாயில்லை. காலில் லேசாக வீக்கம், அது மழைக்கு வந்தது. தலைமுடி கொட்டுகிறது, அது வயசுக்கு. நீ வேண்டாததை நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே.

அக்கா
தனக்கொடி

சித்தி, நான் சுவேதா. போஸ்ட் பண்ண என்னிடம் கொடுத்தார்கள், அதனால் எழுதுகிறேன். அம்மா சொல்வது எல்லாம் பொய். ஒன்றும் பரவாயில்லை இல்லை. என் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அம்மாவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. கழிவறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது சித்தி.

*

தென்காசி
26 டிசம்பர் 2024

அக்கா, உன் கடிதம் முப்பதாம் தேதிக்குள் வராமல் இரண்டாம் தேதி வந்து சேர்ந்திருக்கிறது. நேற்றுதான் பிரித்தார்கள். பாலன் பிறந்த நாளில் நான் தோட்டத்தில் நின்று அழுதேன். உன்னைத் திட்ட வாய் வரவில்லை. சுவேதாவைத் திட்டாதே.

உடனே போய் ஆஸ்பத்திரியில் படு. மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ போய்விட்டால் எனக்கு இந்த உலகத்தில் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்?

ஜெயா

*

கொள்ளிடத்துக்கு அப்பால்
அந்தோணியார் கோயில்
2 பிப்ரவரி 2025

மரியே வாழ்க! அந்தோணியாரே வாழ்க!

என் தங்கமே ஜெயா, உன் அக்கா உயிரோடு இருக்கிறேன். எழுந்து உட்கார்ந்து எழுதுகிறேன், என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். நீயும் மடத்தார் அனைவரும் நலமாக இருக்க மன்றாடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் மாமா ஆட்டோ கூட்டி வந்தார். காசம்மாள் குறுக்கே நின்றாள். "டாக்டரே இன்னான்னு தெரியலன்றாரு. அந்தோணியார்கிட்ட கொண்டும்போய் வுடு சாமி, நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றாள். பொங்கல் கழித்து வந்தோம். கொடிமரத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் தங்கல். இங்கே தங்குகிறவர்கள் கோயில் எண்ணெயும் தீர்த்தமும் தவிர வேறு மருந்து தொடக்கூடாது என்பது நம் பக்கத்து ஜனங்களின் நேர்த்தி. சாமியார் அப்படியெல்லாம் இல்லை, மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்றுதான் பிரசங்கத்தில் சொல்கிறார். யார் கேட்கிறார்கள்? நானும் வைட்டமின், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

முதல் வாரமே வயிற்றுப்போக்கு குறைந்தது. அடுத்த வாரம் நின்றேபோனது. ஜெயா, எனக்குப் பசிக்கிறது! காசம்மாள் வடித்த சோற்றை மீன்குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டேன், உடம்பில் ஒட்டுகிறது. போன செவ்வாய் மைக்கில் சாட்சி சொன்னேன். கொட்டகையே அழுதது.

காசம்மாள் மட்டும் ஊசியை விடவில்லை. டீக்கடை ஃபிரிட்ஜில் பாட்டிலை வைத்து, யாருக்கும் தெரியாமல் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறாள். "எனக்கு உன் அளவுக்கு விசுவாசம் இல்லடி" என்று என்னிடம் மட்டும் சொல்லித் தலை குனிந்தாள். பாவம்.

இந்த வாரம் வீடு திரும்புகிறோம்.

உன் அக்கா
தனக்கொடி

*

தென்காசி
16 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ், புகழ், புகழ்.

அக்கா, உன் கடிதத்தைத் தாயார் உணவறையில் எல்லோருக்கும் வாசித்தார்கள். பேச்சுக்கு அனுமதி இல்லாத வேளையிலும் சகோதரிகள் கை தட்டினார்கள். அன்று இரவு நன்றி கீதம் பாடினோம். நான் பாடவில்லை, அழுதேன். இத்தனை மாதமும் ஒவ்வொரு தபாலிலும் உன் சாவுச் செய்தியைத்தான் எதிர்பார்த்தேன், இப்போது சொல்லலாம் இல்லையா.

மார்ச் ஐந்தாம் தேதி விபூதிப் புதன். அன்று முதல் உயிர்ப்பு ஞாயிறு வரை தபால் பை பூட்டிய அலமாரியில் போய்விடும். எனக்கு இந்த முறை கவலை இல்லை. நன்றாகச் சாப்பிடு. கடையைத் திறக்கச் சொல்.

காசம்மாள் அக்காவின் கையைப் பிடித்து எனக்காக முத்தம் கொடு. அவர்கள் உன்னைக் காப்பாற்றினார்கள்.

உன்
ஜெயா

*

கரிக்கலாம்பாக்கம்
14 மார்ச் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள ஜெயா, நீ இதை உயிர்ப்புக்குத்தான் படிப்பாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். எழுதினால் உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. மடத்தில் எல்லோரும் சுகமாக இருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மயக்கமாக வந்தது. கிளினிக்கில் பார்த்தால் பிரஷர் ஏறிக் கிடக்கிறது. நேர்த்திதான் முடிந்துவிட்டதே என்று பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். மாமா கடையைத் திறந்தார். முதல் பரோட்டாவை என் வாயில் ஊட்டினார், பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் மறுபடி அதே கதை. இந்த முறை வேகமாகப் போகிறது. மாமா கல்லைத் திரும்பக் கவிழ்த்துவிட்டார்.

ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் பெருமையடித்தேனாம், அந்தோணியார் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டாராம். காசம்மாள்தான் மனசு உடைந்துபோனாள். "தப்பு என்னோடதுதாண்டி. சாமி வாசல்ல இருந்துக்கிட்டே திருட்டுத்தனமா ஊசி போட்டேன். உன் நேர்த்திய நாந்தான் கெடுத்தேன்" என்று என் காலைப் பிடித்தாள். எனக்காகத் தவக்காலம் முழுக்க அந்தோணியாரிடம் இருக்கிறேன் என்று திங்கட்கிழமை கிளம்பிப் போய்விட்டாள். தடுக்க எனக்குத் தெம்பில்லை. அவள் மருந்து பாட்டில் நம் ஃபிரிட்ஜில் கிடக்கிறது. அங்கே புதிதாக வாங்கிக்கொள்வாள் போல.

அக்கா
தனக்கொடி

*

கரிக்கலாம்பாக்கம்
2 ஏப்ரல் 2025

ஜெயா, சுவேதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறேன். பேனா பிடிக்க விரலில் வலு இல்லை. அங்கே நீ நலமாக இரு.

பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. முன்னெல்லாம் வாய்ச்சவடால் அடித்தேனே, எல்லாம் போய்விட்டது. பிள்ளைகள் தூங்கும்போது அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் திரும்பமாட்டேன் என்று தோன்றுகிறது, அதனால் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறேன். மாமா அழுகிறார். என் பங்குக்கு நான் எதிலும் குறை வைக்கவில்லை. கோதுமை இல்லை. பிரஷர் மாத்திரைகூட ஒருநாளும் தவறவில்லை.

காசம்மாளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் போனை அணைத்து வைத்திருக்கிறாள், அதுவும் தவக்கால ஒறுத்தலாம்.

உன் அலமாரி திறக்கும்போது நான் இருக்கவேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

*

தென்காசி
20 ஏப்ரல் 2025
உயிர்ப்பு ஞாயிறு

அக்கா, இதைப் படிக்க நீ இருக்கிறாயா என்று தெரியாமல் எழுதுகிறேன். மாமாவே, சுவேதாவே, யார் பிரித்தாலும் முழுதும் படியுங்கள்.

இரண்டு கடிதமும் சேர்ந்து கையில் வந்தன. உன் பழைய கடிதங்களையும் எடுத்து முதலிலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். தனித்தனியாக வந்தபோது எனக்கும் புத்தியில் படவில்லை. பொங்கலுக்குப் பிறகு பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், மே மாதம் வயிறு போனது. கோதுமையை விட்டாய், ஒன்றும் ஆகவில்லை. கோயிலுக்குப் போகும்போது மாத்திரையை வீட்டில் விட்டாய், தேறினாய். வந்து மாத்திரையைத் தொட்டாய், விழுந்தாய். டாக்டர் கேட்டபோது நீ அந்த மாத்திரையைச் சொல்லவே இல்லை அக்கா! தினமும் குடிக்கிற காபி மாதிரி அதை நீ மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நான் டாக்டர் இல்லை. என் நினைப்பு தப்பாக இருக்கலாம். நீயாக நிறுத்தாமல், இன்றைக்கே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்க் காட்டு. தாயார் அலுவலறைப் போனைத் திறந்து கொடுத்தார்கள். காலையிலிருந்து அடிக்கிறேன், மாமா எடுக்கவில்லை. பூசையில் இருக்கிறாரா, வேறு எங்கே இருக்கிறார்? எடுக்கும்வரை அடிப்பேன்.

இன்னொன்று. காசம்மாள் அக்காவின் ஊசி மருந்து ஏன் இன்னும் உன் ஃபிரிட்ஜில் இருக்கிறது? அவர்கள் புதிதாக வாங்கவில்லை அக்கா. தவக்காலம் முழுக்க ஊசியே போடவில்லை. டேனியலை உடனே அனுப்பு.

ஜெயா

*

கரிக்கலாம்பாக்கம்
8 ஜூன் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள ஜெயாவுக்கு, அக்கா தனக்கொடி என் கையாலேயே எழுதுவது. நீயும் தாயாரும் சகோதரிகளும் நலமாக இருக்க வேண்டும், முக்கியமாகத் தாயார். அந்தப் போன் அன்று சாயங்காலம் மாமா காதில் விழாவிட்டால் இந்தக் கடிதம் இல்லை.

நீ நினைத்தது சரி. பிள்ளையார்குப்பத்தில் டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றார். அது மருந்து என்றே எனக்குத் தோன்றவில்லை என்றேன். ஆயிரக்கணக்கான பேர் அதைச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்களாம். எங்கோ ஒருத்தருக்கு மட்டும் சிறுகுடலை இப்படித் தேய்த்துவிடுமாம், பார்த்தால் அச்சு அசல் கோதுமை நோய் மாதிரியே இருக்குமாம். அதை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் போக்கு நின்றது. மாமா கடையைத் திறந்துவிட்டார், இப்போது பரோட்டாவும் சாப்பிடுகிறேன். போன ஞாயிறு அப்பம் வாங்கினேன். உன் கையால் சுட்டது மாதிரி நினைத்துக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

டேனியல் மறுநாளே கோயிலுக்குப் போனான். காசம்மாள் கொட்டகை மூலையில் ஜன்னியில் கிடந்தாள். காலில் சின்னப் புண், அதிலிருந்து முழங்கால் வரை கறுத்திருந்தது. கும்பகோணத்தில் சேர்த்தான். சர்க்கரை மெஷினில் காட்டாத அளவுக்கு ஏறியிருந்ததாம். நான் இங்கே ஒரு கட்டிலில், அவள் அங்கே ஒரு கட்டிலில். நடுவில் ஒருநாள் தெளிந்தாள் என்று டேனியல் போனை அவள் காதில் வைத்தான். எனக்குப் போக்கு நின்றுவிட்டது, சாப்பிடுகிறேன் என்றேன். சிரித்தாள் ஜெயா.

"பாத்தியா? ஊசிய வுட்டேன், அந்தோணியார் கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள்.

மாத்திரை விஷயம் என் நாக்கு நுனி வரை வந்தது. அது இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆமாண்டி என்றேன். அதற்கு அடுத்த நாள் அவள் போய்விட்டாள்.

உயிருக்கு உயிர் கொடுத்தாள் என்று ஊரே கொண்டாடுகிறது. முப்பதாம் நாள் பூசைக்கு இடமில்லாத கூட்டம். போன வாரம் மடுகரையிலிருந்து கல்பனா என்று ஒரு பெண் என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். அவள் பிள்ளைக்கு வலிப்பு. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோயிலில் தங்கப் போகிறாளாம், என் சாட்சியைக் கேட்டிருக்கிறாளாம். அவளை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். என்னைக் காப்பாற்றியது ஒரு மாத்திரையை விட்டது, அதுவும் அந்த ஒரு மாத்திரை எனக்கு மட்டும் ஆகாததால். உன் பிள்ளையின் மாத்திரையைத் தொடாதே, அந்தோணியாரிடம் போ, மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போ என்றேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப அந்தம்மா சும்மாவா செத்துச்சு?" என்றாள்.

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அடித்துக்கொண்டிருந்த மாவை அப்படியே வைத்துவிட்டார்.

ஆமாம், சும்மாதான் செத்தாள் என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கிறாளா இல்லையா தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணு. வருகிற செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய், அதே மைக்கில் சொல்லப்போகிறேன். மாமா கூட வருகிறேன் என்றார்.

காசம்மாளின் பாட்டில் இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. முட்டை எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது. அதை எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அது பேரை எனக்கு எழுது.

அக்கா
தனக்கொடி